பம்பாயும் ஜீப் வண்டியும்

ஜீப் என்ற சொல்லை அறியாத தமிழர் இன்று எவரும் இரார். ஊராட்சி ஒன்றியம் என்னும் தொடர் நம் ஊர்களில் பழகுவதற்கு முன்னரே ‘பி.டி.ஓ. ஜீப்’ பழகிவிட்டது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், செம்மண் புழுதியை எழுப்பிக்கொண்டு ஊருக்குள் நுழைந்த அந்தத் திறந்த வண்டியின் பின்னே ஓடாத சிறுவர் நம்முள் குறைவு. மலேரியாவுக்கு மருந்து தெளிக்க வந்தவர்களும் அதில் வந்தார்கள். வாக்குக் கேட்க வந்தவர்களும் அதில் வந்தார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் இன்றும் ஜீப்பிலேயே மலை ஏறுகின்றனர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஒன்றினால்தான் அங்குச் சென்று சேரலாம். அந்தக் கற்பாதையில் ஒரு முறை சென்றுவந்தவர் தம் எலும்புகளின் எண்ணிக்கையை ஐயமறத் தெரிந்துகொள்வர்.

இந்த வண்டியின் பிறப்பிடம் அமெரிக்கா. நம் நாட்டில் அது வளர்ந்த வீடு பம்பாய். அந்நகரின் பெயர் 1995-ஆம் ஆண்டில் மும்பை என மாற்றப்பெற்றது. பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துப் பழைய பெயரையே வழங்குவோம். பம்பாய்த் தமிழரின் சரித்திரத்தைப் பேசப் புகுவோர் தாராவியின் தோல் கிடங்குகளையும், மாதுங்காவின் சங்கீத சபைகளையும், செம்பூரின் கோயில்களையும் பேசுவர். அவை பேசத் தக்கனவே. ஆயினும் பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஒரு வண்டியின் கதையைச் சொல்லுவதன் மூலம் அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியை நீக்க முயல்வோம்.

1940-ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்ட நிலையில், அமெரிக்கத் தரைப்படை ஒரு சிறிய உளவு வண்டியை நாடியது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். உருவம் தாழ்ந்திருக்க வேண்டும். எடை மிகக் குறைந்திருக்க வேண்டும். மாதிரி வண்டி 49 நாட்களில் வந்துசேர வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இவற்றைப் படித்த பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. நொடித்துப்போகும் நிலையிலிருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறு கம்பெனி முன்வந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்னும் பொறியியலாளர் இரண்டே நாளில் வரைபடங்களைத் தீட்டினார். செப்டம்பர் 23-ஆம் நாள் மாதிரி வண்டி படையினரிடம் ஒப்படைக்கப்பெற்றது. பின்னர் வில்லிஸ் ஓவர்லாண்டு கம்பெனியும் போர்டு கம்பெனியும் களத்தில் இறங்கின. முடிவில் 1941-இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குச் சென்றது. வழியைக் கண்டவர் ஒருவர், பயனை உண்டவர் மற்றொருவர் என்பது இயந்திரங்களின் சரித்திரத்தில் புதிதன்று. வில்லிஸின் வெற்றிக்குக் காரணம் அதன் எஞ்சின். பார்னி ரூஸ் என்ற பொறியியலாளர் செப்பனிட்ட அந்த 2,199 கன செண்டிமீட்டர் எஞ்சின் 60 குதிரை ஆற்றல் உடையது. போட்டியாளர் எவரிடமும் அதற்கு நிகரில்லை. போர் முடிவதற்குள் வில்லிஸும் போர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘ஜி.பி.’ என்ற இரண்டு எழுத்துக்கள் பொதுப்பயன் வண்டியைக் குறிக்கும், அவையே மருவி ஜீப் ஆயிற்று என்று பலர் எழுதிவிட்டனர். போர்டு கம்பெனியின் குறியீட்டில் ‘ஜி’ என்பது சர்க்காருக்கு உரியது என்பதையும், ‘பி’ என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்தன என்பதே உண்மை. 1936-இல் ஒரு கேலிச்சித்திரத் தொடரில் தோன்றிய ஜீப் என்னும் விசித்திரப் பிராணியின் பெயரும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. முடிவு எதுவாயினும், நம் மக்கள் அந்தச் சொல்லைத் தம் சொல்லாகவே ஏற்றுக்கொண்டனர்.

இம்பாலிலும் கொஹிமாவிலும் 1944-இல் நடந்த போர்களில் ஜீப் பெரும்பணி ஆற்றியது. பர்மாவில் ரயில் தண்டவாளத்தில் ஓடத்தக்க சக்கரங்களை மாட்டி அதையே ரயில் எஞ்சினாகவும் ஓட்டினார்கள். யுத்தம் முடியும்போது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் தமிழரும் மிகப் பலர். வண்டி ஓட்டவும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், கடைசல் இயந்திரத்தில் நிற்கவும் ஆயிரக்கணக்கானவர் படையிலே கற்றுக்கொண்டனர். வண்டிகளைப் பழுது பார்ப்பதற்கென்றே 1943-இல் தனிப் படைப்பிரிவு ஒன்று அமைக்கப்பெற்றது. படை கலைக்கப்பட்டபோது அந்தக் கைத்தொழில் கலையவில்லை. வண்டிகளும் ஏலத்தில் வெளிவந்தன; அவற்றைத் தெரிந்த கைகளும் வெளிவந்தன. இரண்டும் சந்திக்க ஒரு நகரம் தேவைப்பட்டது.

அந்நகரம் பம்பாயானதற்குத் துறைமுகமே காரணம். லூதியானாவைச் சேர்ந்த சகோதரர்களான ஜே. சி. மஹிந்திரா, கே. சி. மஹிந்திரா ஆகிய இருவரும், மலிக் குலாம் முகம்மது என்பவரும் சேர்ந்து, 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பம்பாயில் ‘மஹிந்திரா அண்டு முகம்மது’ என்ற கம்பெனியைத் தொடங்கினர். அவர்கள் முதலில் தொடங்கிய வியாபாரம் எஃகு. கே. சி. மஹிந்திரா அமெரிக்காவில் இருந்தபோது பார்னி ரூஸைச் சந்தித்ததும், சாலையற்ற கிராமங்கள் நிறைந்த நாட்டுக்கு ஏற்ற வண்டி இதுவே எனக் கருதியதும் அக்கம்பெனியின் சரித்திரத்தில் மரபாகக் கூறப்படுகின்றன. 1947-இல் பிரித்த நிலையில் பெட்டிகளில் அடைத்த 75 வண்டிகள் முதன்முதலாக வந்து இறங்கின. அதே ஆண்டில் நாடும் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். 1951-இல் அதன் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் கம்பெனியின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என மாறியது. ‘எம் அண்டு எம்’ என்று முன்பே அச்சிட்டிருந்த தாள்கள் வீணாகியிரா என்று நாம் கருதுகிறோம்.

1949-இல் மஜகாவ் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனிக்குரிய 11,071 சதுர கஜ நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே ஜீப் பூட்டும் வேலையைத் தொடங்கினார்கள். மஜகாவ் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் வெடிமருந்தும் பஞ்சும் பொன்கட்டியுமாக விக்டோரியா துறையில் வெடித்துச் சிதறியபோது, பல நூறு உயிர்களைப் பலிகொண்டு அந்தக் கடற்கரையையே அது உலுக்கியது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், அதே கரையோரத்தில் அமெரிக்கப் பெட்டிகளை உடைத்துச் சட்டத்தின் மேல் அச்சையும், அச்சின் மேல் சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

‘பூட்டுதல்’ என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே ஆள்கிறோம். தொடக்கத்தில் ஆணி முதல் எஞ்சின் வரை யாவும் கடல் கடந்தே வந்தன. 1954-இல் வில்லிஸ் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, உறுப்பு உறுப்பாக இங்கேயே செய்யும் முறை படிப்படியாக வளர்ந்தது. 1960-களில் காண்டிவலியில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அக்காலத்திலேயே ஜீப்பின் பெரும்பகுதி நம் நாட்டு உருப்படியாகிவிட்டது.

இதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1948-இல் காஷ்மீரப் போருக்காக லண்டனிலிருந்த நம் ஹைகமிஷன் மூலம் பழைய ஜீப்புகளைச் செப்பனிட்டு வாங்க ஏற்பாடாயிற்று. பணத்தின் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து இறங்கியவை 155. அவை பயன்படத்தக்க நிலையில் இல்லை எனப் படையினர் ஏற்க மறுத்தனர். சுதந்திர இந்தியாவின் முதற்பெரும் ஊழல் வழக்கெனப் பாராளுமன்றத்தில் பேசப்பெற்ற அது, 1955 செப்டம்பரில் முடிந்துபோன விஷயமென சர்க்காரால் அறிவிக்கப்பெற்றது. அரசியலை ஒதுக்கிவிட்டு நோக்கினாலும் இதில் ஒரு பாடம் உண்டு. ‘செப்பனிட்டது’ என்று காகிதத்தில் எழுதுவது எளிது, செப்பனிடுவது வேறு. அந்த வேற்றுமையை நன்கு அறிந்தவர்கள் அப்போது பம்பாயின் சந்துகளில் இருந்தனர்.

யார் அவர்கள்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் தோல் வேலைக்கே சென்றுவிடவில்லை. மாதுங்காவில் 1915 முதல் ரயில்வேயின் பெரும் பட்டறை இயங்கிவந்தது. 1887-இல் நிறுவப்பெற்ற விக்டோரியா ஜூபிலி தொழிற்பயிற்சிக் கல்லூரியும் 1923-இல் மாதுங்காவுக்கே வந்துசேர்ந்தது. குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1947 முதல் டாட்ஜ் முதலிய கார்களைப் பூட்டத் தொடங்கியது. மாதுங்காத் தமிழர் என்றால் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற குமாஸ்தா என்று எண்ணும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது பாதி உண்மைதான். கோட்டைப் பகுதிக்கு வெள்ளைச் சட்டையுடன் ரயில் ஏறியவர்கள் ஒரு சாரார். எதிர்த் திசையில் குர்லாவுக்கு நீலச் சட்டையுடன் சென்றவர்கள் மற்றொரு சாரார். முன்னவர்கள் கல்விக் கழகங்களையும் சபாக்களையும் ஏற்படுத்தி, ஆண்டு மலர்களில் தம் பெயர்களைப் பதித்துச் சென்றனர். பின்னவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர்களுடைய எழுத்தெல்லாம் இரும்பில் இருக்கிறது.

பழுது பார்க்கும் தொழிலின் தன்மையை உணர, வண்டியின் உள்ளமைப்பைச் சிறிது அறிய வேண்டும். ஜீப்பின் அடித்தளம் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம். அதன் கீழ் வில் போல் வளைந்த பட்டைகள். பட்டைகளில் கட்டிய இரு அச்சுக்கள். எஞ்சினிலிருந்து வரும் ஆற்றல் கியர்ப்பெட்டியைக் கடந்து, இரண்டாவதொரு பெட்டியில் புகுந்து, முன்னும் பின்னும் பிரிந்து செல்லும். அந்த இரண்டாவது பெட்டியில்தான் ஜீப்பின் மாயமெல்லாம் இருக்கிறது. 1945-இல் பொதுமக்களுக்கென்று வந்த சி.ஜே.2ஏ வண்டியைக் கொண்டு கணக்கிட்டால், முதற்கியரில் ஏறத்தாழ 2.8 மடங்கு, இரண்டாவது பெட்டியின் தாழ்நிலையில் 2.43 மடங்கு, அச்சில் 5.38 மடங்கு, மூன்றையும் பெருக்க, எஞ்சினின் முறுக்கு 36 மடங்குக்கு மேலாகச் சக்கரத்தில் வந்து நிற்கும். வேகம் அவ்வளவுக்கு அவ்வளவு குறையும். நடந்து செல்பவன் கூடவே வரலாம். சேற்றிலும் மலையிலும் வேண்டுவது அதுவே. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் இழுக்கவிட்டால், வளைவில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பெட்டியைக் கெடுக்கும். புதிதாக ஜீப் வாங்கியவர் பலர் இதை அறிவதற்குள் பட்டறைக்காரர் நன்கு பிழைத்துவிடுவார்.

1953-இல் சி.ஜே.3பி என்ற உருவம் வந்தது. உயரமான புதிய எஞ்சினை அடைக்க இடம் போதாமையால் முன்மூடியையே உயர்த்திவிட்டார்கள். நெற்றி தூக்கிய அந்த முகம் அமெரிக்காவில் அழகற்றதெனக் கருதப்பெற்று, 1968-உடன் நின்றுபோயிற்று. நம் நாட்டிலோ அம்முகமே ஜீப்பின் திருமுகமாயிற்று. போலீஸ் நிலையத்திலும் காட்டிலாகாவிலும், நீர்ப்பாசன இலாகாவிலும் சினிமாவிலும் நாம் கண்டது அதுவே. பெட்ரோல் விலை ஏறியபின் டீசல் எஞ்சின்கள் அதில் புகுந்தன. பிரான்ஸ் நாட்டுப் பேஜோ கம்பெனியின் டீசல் எஞ்சினைச் செய்ய 1979-இல் உரிமை பெறப்பட்டது. உடல் மட்டும் பல பத்தாண்டுகள் பெரிதும் மாறவில்லை. 2010-இல் ‘தார்’ என்ற பெயரில் வந்த வண்டியிலும் பழைய சாயலைக் காணலாம்.

உருவம் மாறாமல் நின்றதால் ஒரு பெரும் பயன் விளைந்தது. 1955-ஆம் ஆண்டு வண்டிக்கு 1975-ஆம் ஆண்டு வண்டியின் உறுப்புப் பெரும்பாலும் பொருந்தியது. பொருந்தாததை அரத்தால் இழைத்துப் பொருத்தினார்கள். சோர் பஜாரிலும், ஆபரா ஹவுஸ் பகுதிக் கடைகளிலும், குர்லாவின் பங்கார்க் கிடங்குகளிலும் தேடினால் ஒரு முழு ஜீப்பையும் துண்டு துண்டாக வாங்கிவிடலாம் என்பார்கள். பங்கார் என்பது பழைய இரும்புக்குப் பம்பாயில் வழங்கும் பெயர். தாராவியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ‘பழைய இரும்பு’ என்று சொல்லமாட்டான். பங்கார் என்பதே அவனுக்குத் தமிழ்.

இத்தகைய வண்டியைத் தொழிலுக்காகவன்றி விருப்பத்துக்காக வைத்திருப்போர் கூட்டம் பின்னர் தோன்றியது. சாலையை விட்டு இறங்கிச் சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவதே அவர்களுக்கு இன்பம். பம்பாய்க்குக் கிழக்கே சஹ்யாத்திரி மலை. ஜூன் மாதம் முதல் மழை இறங்கியதும் லோனாவளாவுக்கும் மால்ஷேஜ் கணவாய்க்கும் வண்டிகள் வரிசையாகப் புறப்படும். இதில் போட்டிகளும் உண்டு. 1980-இல் ஹிமாலயப் பந்தயம் தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியவர் பம்பாயைச் சேர்ந்த நாஸிர் ஹுசேன். 2014 முதல் கோவாவில் மழைக்காலத்திலேயே கடும் சேற்றுப் போட்டி ஒன்று நடந்துவந்திருக்கிறது. மலேசியாவில் பிறந்த பந்தயத்தின் கிளை அது.

இந்த அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினால் பேச்சு முழுவதும் பழுது, மாற்றம் என்னும் இரண்டுக்குள்ளே அடங்கும். அவர்களுக்குள் கட்சிகளும் உண்டு. ஒரு கட்சியார் பழமைவாதிகள். யுத்தகால வண்டியின் முன்சட்டத்தில் ஒன்பது பிளவு இருக்க வேண்டும், எட்டோ ஏழோ இருத்தலாகாது. மின்சாரம் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும். போர்டு செய்த வண்டியாயின் மரையாணியின் தலையிலும் அக்கம்பெனியின் முதலெழுத்து பொறித்திருக்க வேண்டும். ஓர் ஆணிக்காக ஆறு மாதம் அலைந்தவரை நாம் அறிவோம். மற்றொரு கட்சியார் மாற்றவாதிகள். பெரிய டீசல் எஞ்சின், அகன்ற சேற்று டயர், இழுவைக் கம்பிவடம், ஆற்றைக் கடக்கக் கூரைவரை உயர்த்திய காற்றுக்குழல் இவையெல்லாம் அவர்களுக்கு வேண்டும். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்னும் ஊர் இவ்வகை ஜீப்புகளுக்குப் பெயர்பெற்றது. படை ஏலத்தில் எடுத்த உறுப்புக்களைக் கொண்டு விரும்பிய வடிவில் வண்டி கட்டித் தருவார்கள்.

வெளியேயிருந்து எதிர்ப்புக் கூறுவோரும் இருக்கின்றனர். மோட்டார் சைக்கிள் அன்பர்கள், மலை ஏற நான்கு சக்கரம் எதற்கு என்பார்கள். திருவொற்றியூரில் 1955-இல் வந்த என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் ஏறாத மலையா என்பது அவர்கள் கேள்வி. சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த சென்னைக்காரர், வேகமற்ற விளையாட்டும் ஒரு விளையாட்டா என்பார். கால்நடையாகவே சஹ்யாத்திரிக் கோட்டைகளுக்குச் செல்லும் கூட்டத்தார் சொல்லும் குறைதான் உண்மையில் கனமானது. ஒரு பருவத்தில் நாற்பது வண்டிகள் ஏறிய தடத்தில் அடுத்த பருவத்தில் மழைநீர் ஓடை வெட்டிவிடும்; அந்த வழியே மாடு ஓட்டிச் செல்லும் கிராமத்தார்க்கு அது விளையாட்டன்று. இதற்கு ஜீப் அன்பர்கள் தக்க விடை கூறியதாக நமக்கு நினைவில்லை.

குர்லாவில் ஒரு பட்டறையில் நாம் கேட்ட பேச்சு ஒன்று. பட்டறையில் முதியவர் ஒருவர். பிறப்பு திருநெல்வேலிப் பக்கம், வாழ்வு தாராவி. வண்டிக்குரியவர் செம்பூரைச் சேர்ந்த இளைஞர், ஆபீஸ் உத்தியோகம். வண்டி அவர் தந்தை சர்க்கார் ஏலத்தில் எடுத்த, 1960-களில் செய்யப்பெற்ற பெட்ரோல் ஜீப்.

“அண்ணாச்சி, இந்த எஞ்சினை எடுத்துட்டு டர்போ டீசல் போட்டா என்ன?”

“போடலாம் தம்பி. எஞ்சின் இழுக்கும். பின்னாடி இருக்க பெட்டியும் ஆக்சிலும் தாங்கணும்லா? ஒண்ணை மாத்துனா ஒம்பதை மாத்தணும். கடைசில உங்கப்பா ஜீப்புன்னு சொல்ல நம்பர் பலகைதான் மிஞ்சும்.”

“அப்போ இருக்கபடியே விட்டுடலாமா?”

“இருக்கபடியே விடுறதுன்னா எனக்கு இங்க என்ன வேலை?”

அந்த முதியவரின் கணக்கு இயந்திர நூலுக்கு இசைந்ததே. சற்றுமுன் கூறிய 36 மடங்கை மறவாதிருப்போமாக. இரட்டிப்பு முறுக்குள்ள எஞ்சினை வைத்தால் சக்கரத்தில் வந்து நிற்கும் முறுக்கும் இரட்டிக்கும். 60, 75 குதிரை ஆற்றலுக்கென வார்த்த அச்சுத்தண்டு பாறையிடுக்கில் முறியும். நமக்கு வியப்பளித்தது அவருடைய இரண்டாவது விடையே. பழமைவாதி வண்டியைத் தொழிற்சாலையின் வாயிலில் நிறுத்த விரும்புகிறார். மாற்றவாதிக்கு வண்டி ஒரு தொடக்கம் மட்டுமே. பட்டறைக்காரரோ அவ்விரண்டுக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகளாக நின்று வண்டியை ஓடவைத்துக்கொண்டிருக்கிறார். கிங்பின்னில் அசைவு கண்டால் இடைத்தகடுகளைச் சரிசெய்து இறுக்குவார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார். கிடைக்காத புஷ்ஷைப் பித்தளையில் தாமே கடைவார். அவர் கைப்பட்ட வண்டி முற்றிலும் பழையதும் அன்று, புதியதும் அன்று. இந்தியாவில் ஜீப் பிழைத்த வரலாறு முழுவதும் அந்த நடுவழியிலேயே நடந்தது.

சட்டத்தின் பார்வை வேறு விதமாக அமைந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, செய்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில், 2019-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. சட்டமும் உடலும் செய்தவாறே இருத்தல் வேண்டும். எஞ்சினை மாற்றுவதாயின் முன்னதாக அனுமதி பெற வேண்டும். மாற்றவாதிகளுக்கு இது பேரிடியாயிற்று. பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஊறு நேராதிருக்க வேண்டும் என்ற அளவில் இத்தீர்ப்பை நாம் குறை கூற இயலாது. பிரேக்கைப் பற்றி எண்ணாமல் எஞ்சினைப் பற்றி மட்டும் எண்ணுவோர் உண்டு என்பதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூல உருவில் இருக்க வேண்டும். சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெருத்த மாறுதல் செய்திருத்தலாகாது. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பவனிக்கும் கொண்டு செல்லலாம். பழமைவாதிகள் மகிழ்ந்தனர். ஆனால் சாதாரணமாக ஓடும் பழைய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இருபதாண்டு கடந்தவற்றுக்கு அதன் பின்னரும் ஏறியது.

இவ்விரண்டு விதிகளையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலனாகிறது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே நிற்கும் வண்டிக்கு மரியாதை உண்டு. அது செல்வர் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டியாகவே பெரும்பாலும் இருக்கும். ஐம்பது ஆண்டு உழைத்து, மூன்று முறை எஞ்சின் பிரித்து, பலமுறை பட்டை மாற்றி இன்றும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அந்த மரியாதை இல்லை. உழைத்ததனாலேயே அது பழம்பொருளாகும் தகுதியை இழக்கிறது. பழுது பார்க்கும் தொழிலுக்குச் சரித்திரத்தில் இடம் வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேதான். பழுது பார்த்ததற்கு அடையாளமாக நிற்கும் பற்றவைப்பையும் குறையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்ளும் விதி ஒன்று இயற்றுவது இயலாத காரியமன்று. வண்டியின் பழுதுகளை வரிசையாக எழுதிய ஏடு ஒன்றை உடன்வைத்தால் போதும். இதை ஜீப் அன்பர் சிலரிடம் கூறியபோது, எழுத யாருக்கு நேரம் என்றார்கள்.

அயல்நாட்டிலும் இதே உருவத்தைப் பற்றி வழக்கு ஒன்று நடந்தது. பம்பாயில் வளர்ந்த ஜீப்பின் வழித்தோன்றலாகிய ‘ராக்ஸர்’ என்ற வண்டியை மஹிந்திரா கம்பெனி 2018-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலேயே செய்து விற்கத் தொடங்கியது. ஜீப் என்னும் பெயர் அக்காலத்தில் பியட் கிரைஸ்லர் கம்பெனியின் உடைமை. தம் வண்டியின் சாயலை எடுத்துக்கொண்டார்கள் என்று அவர்கள் முறையிட்டனர். 2020-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் சென்றது. முகத்தை மாற்றிய பின்னரே ராக்ஸரை மீண்டும் விற்க வழி பிறந்தது. மஜகாவில் அமெரிக்கப் பெட்டியை உடைத்துப் பூட்டியவர்களுக்கு இது விளங்கியிராது. எந்த முகத்தை அமெரிக்கா 1968-இல் வேண்டாமென்று விட்டதோ, அதே முகத்தையல்லவா இங்கே பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார்கள்!

செம்பூர் இளைஞர் எஞ்சினை மாற்றவில்லை. நான்கு பிஸ்டன்களுக்கும் புது ரிங் போட்டு, கிங்பின் இறுக்கி, பின்னச்சின் பிரேக்கைச் சீர்செய்து, பதிவையும் புதுப்பித்துக்கொண்டார். முதல் மழைக்குக் கர்ஜத் வழியே மலை ஏறித் திரும்பினார் எனக் கேள்விப்பட்டோம். வண்டி எங்கும் நிற்கவில்லையாம். இரண்டாவது பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு மட்டும் இன்னும் இருக்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் குர்லாவுக்கு வருகிறது.